கடல் கடந்த நூலும் ஆசிரியன் பங்கும்

வணிகன் ஒருவன் தன் சரக்கைக் கப்பலேற்றி அயல்நாட்டுக்கு அனுப்பும்போது அதனுடன் ஒரு பட்டியலும் செல்கின்றது. மூடை எத்தனை, நிறை எவ்வளவு, விலை யாது, எந்தத் துறைமுகத்தில் யார் அதனைப் பொறுப்பேற்பர் என்பனவெல்லாம் அதிலே குறிக்கப்பட்டிருக்கும். சரக்கைப் பெற்றவன் பணம் கொடாது விடின் வழக்காடுவதற்கு நீதிமன்றம் உண்டு. ஆனால், நூலாசிரியன் ஒருவன் இராப்பகலாக முயன்று எழுதிய நூல் கடல் கடந்து செல்லும்போது அதன் கதி வேறு. ஒரே ஒரு படி அக்கரையைச் சேர்ந்தாற் போதும். அதனை வைத்துக்கொண்டு அங்குள்ள அச்சகத்தார் பல்லாயிரம் படிகளை ஆக்கிவிடுவர். அவற்றை விற்ற பணத்தில் ஆசிரியனுக்குப் பங்கு உண்டா, இல்லையா? உண்டெனின் அதனை யார் வரையறுப்பது? இவ்வினா சென்ற நூற்றாண்டுகளில் பெரும் புகழ் படைத்த எழுத்தாளர்களையும் அலைக்கழித்த வினாவாகும். அதற்கு விடை காணப்பட்ட வரலாற்றை அறிய விரும்புவோர், பத்தொன்பதாம் நூற்றாண்டிலே இங்கிலாந்துக்கும் அமெரிக்காவுக்கும் இடையே நிகழ்ந்தவற்றை நோக்குதல் வேண்டும். ஏனெனில், அவ்விரு நாட்டாருக்கும் மொழி ஒன்று, சட்டமோ இரண்டு.

அமெரிக்க ஐக்கிய நாடுகள் தமது முதலாவது பதிப்புரிமைச் சட்டத்தை 1790ஆம் ஆண்டு மே மாதத்தில் இயற்றின. அந்நாட்டுக் குடிகளும் அங்கு வதிவோரும் எழுதிய நூல்களுக்குப் பதினான்கு ஆண்டுக் காவலும், ஆசிரியர் உயிரோடிருப்பின் மேலும் பதினான்கு ஆண்டுக் காவலும் அச்சட்டத்தாற் கிடைத்தன. ஆனால், பிறநாட்டார் எழுதிப் பிறநாட்டில் அச்சிட்ட நூல்களை இறக்குமதி செய்வதையோ மறுபதிப்புச் செய்வதையோ இச்சட்டம் தடுக்கமாட்டாது என்று அதன் பிரிவொன்று வெளிப்படையாகவே கூறிற்று. எனவே, இலண்டனில் வெளிவந்த எந்நூலையும் நியூயோர்க்கிலோ பிலடெல்பியாவிலோ எவரும் அச்சிட்டு விற்கலாம். அது களவன்று; சட்டம் அனுமதித்த தொழில்.

இந்த அனுமதிக்கு அக்காலத்தார் கூறிய நியாயங்களையும் கேட்டல் தகும். இளங் குடியரசு ஒன்றின் மக்களுக்கு அறிவு மலிவாகக் கிடைத்தல் வேண்டும் என்றனர். அச்சுக் கோப்போர், தாள் செய்வோர், நூல் கட்டுவோர் ஆகியோரின் பிழைப்பு இத்தொழிலிலே தங்கியிருந்தது. இலண்டனில் மூன்று பாகங்களாக வெளிவரும் நாவலொன்றின் விலை முப்பத்தொன்றரைச் சிலிங்கு. அதையே அமெரிக்கக் குடியானவன் இருபத்தைந்து சதத்துக்கோ ஐம்பது சதத்துக்கோ வாங்கக்கூடியதாயிருந்தது. வாசிப்பவனுக்கு இது பெருநன்மை என்பதை மறுத்தற்கில்லை. ஆனால், அந்த மலிவின் செலவைச் சுமந்தவன் யார் என்பதே கேள்வி.

இங்ஙனம் எவரும் அச்சிடலாம் என்றிருந்த நிலையிலும் அமெரிக்கப் பதிப்பாளர் சிலர் ஆங்கில ஆசிரியர்களுக்குப் பணம் கொடுத்தனர் என்பது வியப்பாகத் தோன்றலாம். இதற்குக் காரணம் இரக்கமன்று, காலம். ஒரே நூலைப் பத்துப் பேர் அச்சிடலாமாயின், முதலில் அச்சிடுபவனே இலாபம் பெறுவான். ஆகையால், நூல் இலண்டனில் வெளிவருமுன்னரே அதன் அச்சுத் தாள்களைப் பெற்றுக் கப்பலேற்றிவிடப் பதிப்பாளர் போட்டியிட்டனர். கப்பல் துறையை அடைந்ததும் தாள்கள் அச்சகத்துக்கு விரையும். பலர் பங்கிட்டுக்கொண்டு பகலிரவாக எழுத்துக் கோப்பர். இரண்டொரு நாள் முந்தியவன் சந்தையைப் பிடித்துக்கொள்வான். ஆசிரியன் அக்கரைப் பதிப்பாளனுக்கு விற்றது தன் உரிமையையன்று, அந்த இரண்டொரு நாள் முந்துதலையே. உரிமை இல்லாத இடத்தில் அவன் கையிலிருந்த ஒரே சரக்கு அதுதான்.

இத்துடன் இன்னொரு வழக்கமும் வளர்ந்தது. ஒரு நூலை முதலில் அறிவித்தவன், அல்லது ஓர் ஆசிரியனுடைய நூல்களை வழமையாக வெளியிட்டு வருபவன் இருக்கும்போது, ஏனைய பெரும் பதிப்பாளர் அதிலே தலையிடுவதில்லை. இதனை 'வணிக மரியாதை' என்று அழைத்தனர். எழுத்தில் இல்லாத இந்த ஒழுங்கு, பதிப்பாளர்கள் தமக்குள் செய்துகொண்ட ஏற்பாடேயன்றி ஆசிரியனுக்குத் தந்த உறுதியன்று. அதனை மீறியவனை எந்த நீதிமன்றத்துக்கும் இழுத்துச் செல்ல இயலாது.

இந்நிலையை மாற்ற முதலில் முயன்றோர் ஆங்கில எழுத்தாளர்களே. அவர்களுள் ஐம்பத்தாறு பேர் ஒப்பமிட்ட விண்ணப்பமொன்றை 1837ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் ஹென்றி கிளே என்னும் செனற்றர் அமெரிக்க செனற் சபையிலே சமர்ப்பித்தார். பயன் விளையவில்லை. ஐந்து ஆண்டுகளின் பின் விண்ணப்பத் தாளுக்குப் பதிலாக ஒரு மனிதரே வந்து சேர்ந்தார். அவர்தாம் சாள்ஸ் டிக்கன்ஸ்.

1842ஆம் ஆண்டு சனவரி 22ஆந் திகதி 'பிரித்தானியா' என்னும் நீராவிக் கப்பலிலே பொஸ்டன் நகரை வந்தடைந்தபோது டிக்கன்சுக்கு முப்பது வயதும் நிரம்பவில்லை. 'பிக்விக் பேப்பர்ஸ்', 'ஒலிவர் டுவிஸ்ட்' முதலிய நூல்கள் அவருடைய பெயரை அமெரிக்காவின் மூலை முடுக்குகளெல்லாம் பரப்பியிருந்தன. அரசர்க்குரிய வரவேற்பு அவருக்குக் கிடைத்தது. வீதிகளில் மக்கள் திரண்டனர், விருந்துகள் நிகழ்ந்தன. ஆனால், தம்மை வாழ்த்திய ஆயிரக்கணக்கானோரின் கைகளில் இருந்த நூல்களின் விற்பனையால் தமக்கு வந்த வருவாய் மிகச் சொற்பம் என்பதை அவர் அறிவார்.

பெப்ரவரி முதலாந் திகதி பொஸ்டனில் நடந்த விருந்திலே டிக்கன்ஸ் இப்பொருளைத் தொட்டார். அடுத்த வாரம் ஹாட்பட் நகரில் மேலும் விரிவாகப் பேசினார். சேர் வால்ரர் ஸ்கொட் கடன் சுமையால் நலிந்து மாண்டதை நினைவூட்டினார். உலகமெல்லாம் படித்த நாவல்களை எழுதிய அப்பெரியார் இறக்குந் தறுவாயில், அமெரிக்க வாசகர்களின் நன்றி பணவுருவிலே அவரைச் சென்றடையவில்லை என்பதே அப்பேச்சின் கருத்து. நியூயோர்க்கில் பெப்ரவரி 18ஆந் திகதி வாஷிங்டன் இர்விங் தலைமையில் நிகழ்ந்த விருந்திலும் அதனை விட்டாரல்லர்.

விளைவு என்ன? விருந்தளித்த நாட்டின் பத்திரிகைகள் சீறியெழுந்தன. அன்பினால் அழைத்த விருந்தாளி பணப்பையை நீட்டுகின்றார் என்று இகழ்ந்தன. அப்பத்திரிகைகளுட் சில, ஆங்கில நாவல்களை முழுமுழுதாக மறுபதிப்புச் செய்து பிழைத்தவை என்பதையும் நினைவிற் கொள்ளல் வேண்டும். அமெரிக்க எழுத்தாளர் பலர் இர்விங்கை முதல்வராகக் கொண்டு ஒப்பமிட்ட விண்ணப்பத்தை டிக்கன்ஸ் வாஷிங்டன் நகருக்கு எடுத்துச் சென்றார். கொங்கிரஸ் சபை அசையவில்லை. அவ்வாண்டு ஒக்டோபர் மாதத்தில் அவருடைய பயண நூலாகிய 'அமெரிக்கன் நோட்ஸ்' இலண்டனில் இருபத்தொரு சிலிங்கு விலையில் வெளிவந்தது. அது கடல் கடந்த சில வாரங்களுள் நியூயோர்க்கில் பன்னிரண்டரைச் சதத்துக்கு விலைப்பட்டது. அமெரிக்காவைக் குறைகூறிய நூலை அமெரிக்கர் போட்டி போட்டு வாங்கினர். கூறியவருக்கு ஒரு சதமும் சேரவில்லை.

இதற்கு முன்னரே, நாடு திரும்பிய கையோடு, 1842ஆம் ஆண்டு சூலை மாதத்தில் டிக்கன்ஸ் சுற்றறிக்கையொன்றை வெளியிட்டார். இனிமேல் தாம் எழுதும் எதனுடைய முன்தாள்களையும் அத்திலாந்திக்குக்கு அப்பால் அனுப்புவது பற்றி எவருடனும் பேச்சு நடத்துவதில்லை என்றும், அவ்வழியே வரக்கூடிய இலாபம் அனைத்தையும் துறப்பதாகவும் அதில் உறுதி பூண்டார். நேர்மையான சினம் அது. ஆயினும், அவ்வுறுதியால் நட்டமடைந்தவர் அவர் ஒருவரே. தாள் வராவிட்டால், அச்சிட்ட நூல் வரும்வரை அக்கரைப் பதிப்பாளர் சில நாள் பொறுத்திருப்பர், அவ்வளவே.

இனி இக்கரையிலிருந்து அக்கரைக்குச் சென்றவர்களை விடுத்து, அக்கரையிலிருந்து இக்கரைக்கு வந்த ஓர் ஆசிரியரைப் பார்ப்போம். அநீதி ஒரு பக்கத்தில் மட்டும் இருந்ததன்று. அமெரிக்கரின் நூலுக்கு இங்கிலாந்தில் உரிமை உண்டா என்பதும் ஐயத்துக்குரியதாகவே இருந்தது. நூலை முதன்முதல் இங்கிலாந்தில் வெளியிட்டால் உரிமை கிடைக்கும் என்று பலர் நம்பினர். 1849ஆம் ஆண்டில் ஆங்கில நீதிமன்றமொன்று வேற்றுநாட்டாருக்கு அவ்வுரிமை இல்லை என்று தீர்த்தது. அந்த வேளையிலேதான் ஹேர்மன் மெல்வில் தமது 'வைற் ஜாக்கெட்' என்னும் நாவலின் தாள்களைப் பெட்டியில் வைத்துக்கொண்டு இலண்டனுக்கு வந்தார்.

நவம்பர் மாதத்து இலண்டன்; ஸ்ராண்ட் வீதியை அடுத்த கிறேவன் வீதியிலே வாடகை அறை; கையிலே பணம் குறைவு. மெல்வில் ரிச்சாட் பென்ட்லி என்னும் பதிப்பாளரைக் கண்டார். முதல் ஆயிரம் படிகளுக்கு 200 பவுண் தருவதாகப் பென்ட்லி கூறினார்; ஆனால் முன்பணம் தர உடன்படவில்லை. நல்ல நிபந்தனை கிடைக்குமோ என்று மெல்வில் மற்றப் பதிப்பாளரின் படிகளிலும் ஏறி இறங்கினார். அவருடைய முதல் நூலை வெளியிட்ட ஜோன் மரியும் இம்முறை மறுத்தார். எங்கு சென்றாலும் விடை ஏறக்குறைய ஒன்றே: நூல் நன்று, ஆனால் நாளை இன்னொருவன் அதை அச்சிட்டால் தடுக்கச் சட்டமில்லையே! ஈற்றில் பென்ட்லியின் 200 பவுணையே, ஆறு மாதத் தவணைச் சீட்டாக அவர் ஏற்றுக்கொண்டார். கீழைத் தேசங்கள்வரை பயணஞ் செய்ய எண்ணியிருந்தவர், பணமின்மையால் ஐரோப்பாவின் சில நகரங்களை மட்டும் பார்த்துவிட்டு வீடு திரும்பினார்.

இப்பேரத்தை நோக்குமிடத்து இரு திறத்தாரிலும் தீயவர் எவரும் இல்லை. பென்ட்லி காவலற்ற நூலுக்குப் பணம் கொடுக்க முன்வந்த துணிவுள்ளவர். மெல்வில் தம் உழைப்புக்கு நியாயமான விலை கேட்டவர். ஆனால், சட்டம் நிலையற்றதாக இருந்தபடியால் நூலின் விலையிலிருந்து அச்சத்தின் விலை கழிக்கப்பட்டது. அக்கழிவு ஆசிரியன் பங்கிலிருந்தே போயிற்று.

அவசரத்தால் நூலுக்கும் ஊறு நேர்ந்தது. 1851ஆம் ஆண்டில் மெல்வில் எழுதிய மாபெரும் நாவலை இலண்டனில் பென்ட்லி 'தி வேல்' என்னும் பெயரோடு ஒக்டோபர் மாதத்தில் வெளியிட்டார். 'மொபி டிக்' என்னும் பெயரோடு நியூயோர்க்கில் ஹார்ப்பர் சகோதரர் நவம்பர் மாதத்தில் வெளியிட்டனர். இலண்டன் பதிப்பில் அச்சிடப்பட்டவை ஐந்நூறு படிகளே. சமயத்துக்கு மாறானவை எனக் கருதப்பட்ட பகுதிகள் அதிலே களையப்பட்டன. கப்பல் மூழ்கியபின் கதை சொல்பவன் எவ்வாறு உயிர்தப்பினான் என்பதைக் கூறும் இறுதிக் குறிப்பும் அப்பதிப்பில் இடம்பெறாது போயிற்று. இறந்துபோனவனே கதை கூறுகின்றானா என்று இலண்டன் விமரிசகர் சிலர் எள்ளி நகையாடினர். தன் நூல் அயல்நாட்டில் எவ்வுருவில் வெளிவருகின்றது என்பதை மேற்பார்வை செய்யும் அதிகாரமும் பணத்தைப் போன்றே ஒப்பந்தத்தில் இடம்பெற வேண்டியதொன்று என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா.

அடுத்த ஆண்டில், 1852இல், ஹரியட் பீச்சர் ஸ்டோ அம்மையாரின் 'அங்கிள் டொம்ஸ் கபின்' இலண்டனில் காட்டுத்தீப்போற் பரவியது. பல அச்சகங்கள் ஒரே காலத்தில் அதனை வெளியிட்டன. ஓராண்டில் விற்ற படிகள் பத்து இலட்சத்துக்கும் மேல் என்பர். அடிமைகளின் துயரைக் கண்டு கண்ணீர் வடித்த அந்த வாசகர்களுக்கு, அதை எழுதியவருக்குச் சேரவேண்டியது சேரவில்லை என்பது தோன்றவேயில்லை. அமெரிக்கா டிக்கன்சுக்குச் செய்ததை இங்கிலாந்து ஸ்டோ அம்மையாருக்குச் செய்தது.

இவ்விருளிடையே ஒரு சிறு விளக்கும் இருந்தது. ஜெர்மனியிலே லீப்சிக் நகரத்தில் பேர்ண்ஹார்ட் டௌக்னிட்ஸ் என்னும் பதிப்பாளர் 1841ஆம் ஆண்டு தொடக்கம் ஆங்கில நூல்களை மலிவுப் பதிப்புகளாக ஐரோப்பாக் கண்டத்தில் விற்றுவந்தார். அவரைக் கட்டுப்படுத்தும் சட்டம் ஒன்றும் அப்போது இருக்கவில்லை. ஆயினும், 1843ஆம் ஆண்டில் அவர் தாமாகவே ஆங்கில ஆசிரியர்களை அணுகினார். ஆசிரியருக்குப் பணம் தருவதாகவும், அதற்கீடாகக் கண்டத்துக்கு உரிய அனுமதி பெற்ற பதிப்பு தம்முடையதே என்று கூறும் உரிமையைப் பெற விரும்புவதாகவும் தெரிவித்தார். அப்பதிப்புகள் இங்கிலாந்துக்குள்ளும் அதன் குடியேற்ற நாடுகளுக்குள்ளும் கொண்டுசெல்லப்படலாகாது என்பது நிபந்தனை. இதனால் ஆசிரியருடைய தாயகத்து விற்பனைக்கு இடையூறு நேரவில்லை. புதிய சந்தையொன்று கிடைத்தது. டிக்கன்ஸ் இவருடன் கொண்ட தொடர்பு வணிகத்தோடு நிற்கவில்லை. தம் மூத்த மகனை ஜெர்மன் மொழி கற்க லீப்சிக் நகருக்கு அனுப்பியபோது, டௌக்னிட்ஸின் உதவியையே நாடினார்.

டௌக்னிட்ஸ் செய்தது தருமமன்று; தொலைநோக்குடைய வணிகம். கேளாமலே நியாயஞ் செய்தவரிடம் ஆசிரியர்கள் தாமாகவே சென்றனர். பிற்காலச் சட்டங்கள் வந்தபோது அவர் எதனையும் மாற்றவேண்டியிருக்கவில்லை. இன்று நூல் ஒப்பந்தங்களில் 'இன்ன நிலப்பரப்பில் மட்டும்' என்று எழுதப்படும் வரையறையின் பயனை அக்காலத்திலேயே எடுத்துக்காட்டியவர்களுள் அவரும் ஒருவர்.

டிக்கன்சின் உறுதி என்னவாயிற்று? பத்து ஆண்டுகளின் பின் அது தளர்ந்தது. 1850ஆம் ஆண்டில் ஹார்ப்பர் சகோதரர் மாத சஞ்சிகையொன்றைத் தொடங்கியிருந்தனர். அதில் தொடராக வெளியிடுவதற்கு 'பிளீக் ஹவுஸ்' நாவலின் முன்தாள்களை அவர்களுக்கு விற்க 1852ஆம் ஆண்டில் டிக்கன்ஸ் உடன்பட்டார். தொடர்கதைக்கு நாட்கணக்கு மிக முக்கியம். ஒவ்வொரு மாதமும் ஒவ்வொரு பகுதியும் கப்பலிலே முந்திச் சென்றாக வேண்டும். ஆகையால் தாள்களின் விலை உயர்ந்தது. 1860களில் ஒரு நாவலின் முன்தாள்களுக்கு ஆயிரம் பவுண் அளவில் அவருக்குக் கிடைக்கலாயிற்று. இதனைக் கொள்கை தவறிய செயல் என்று கூறுவதா, உலகியலை உணர்ந்த செயல் என்று கூறுவதா? பெரிய குடும்பத்தைத் தாங்கியவர் அவர். சட்டம் வரும்வரை பட்டினி கிடப்பதால் சட்டம் விரைந்து வருவதில்லை என்பதை அவர் கண்டுகொண்டார் எனலாம்.

1867ஆம் ஆண்டில் பொஸ்டன் நகரத்து டிக்னர் அன்ட் பீல்ட்ஸ் என்னும் நிறுவனத்தாரே அமெரிக்காவில் தமது அனுமதி பெற்ற பதிப்பாளர் என்று டிக்கன்ஸ் கடிதம் கொடுத்தார். உடனே, முன்தாள்களுக்குப் பணம் கொடுத்துவந்த ஏனைய பதிப்பாளர் பத்திரிகைகளிலே முறையிட்டனர். சட்டத்தில் இல்லாத உரிமையை ஒருவருக்குக் கொடுத்தால் மற்றவருடைய இல்லாத உரிமை பறிபோகின்றது! எழுத்தில் வரையறுக்கப்படாத ஏற்பாடுகள் நண்பரையும் பகைவராக்கும் என்பதற்கு அப்பூசல் எடுத்துக்காட்டாயிற்று.

அவ்வாண்டு இறுதியில் டிக்கன்ஸ் இரண்டாம் முறை அமெரிக்கா சென்றார். இம்முறை விருந்துண்டு முறையிடச் செல்லவில்லை. தம் கதைகளை மேடையில் வாசிக்கச் சென்றார். 1868ஆம் ஆண்டு ஏப்பிரல் வரை எழுபத்தாறு வாசிப்புகள் நிகழ்ந்தன. செலவு போக ஏறக்குறைய 19,000 பவுண் அவருக்குக் கிடைத்தது. அவருடைய நூலை எவரும் அச்சிடலாம். அவருடைய குரலை எவராலும் அச்சிட முடியவில்லை. சட்டம் மறுத்ததைத் தம் உடலுழைப்பால் ஈட்டினார். ஆனால், நோயோடு செய்த அந்த உழைப்பு அவரை உருக்கிற்று; 1870ஆம் ஆண்டு யூன் மாதத்தில், ஐம்பத்தெட்டாம் வயதில் அவர் காலமானார். அமெரிக்கச் சட்டம் அப்போதும் மாறவில்லை.

பின்னர் அதனை மாற்றியது எது? அயல்நாட்டு ஆசிரியர்களின் கண்ணீரன்று. இலவசமாகக் கிடைத்த ஆங்கில நாவல்களோடு போட்டியிட முடியாமல் அமெரிக்க எழுத்தாளரே வாடினர் என்னும் உண்மை மெல்ல உணரப்பட்டது. ஆசிரியனுக்கு ஒன்றும் கொடாது வெளியிடக்கூடிய ஆங்கில நூல் இருக்கும்போது, பங்கு கேட்கும் உள்ளூர் ஆசிரியனைப் பதிப்பாளன் ஏன் நாடுவான்? மார்க் ட்வெயின் இரு பக்கத்து இன்னல்களையும் அறிந்தவர். இலண்டனில் அவருடைய எழுத்துக்கள் அனுமதியின்றி வெளியிடப்பட்டன. நூல் வெளிவரும் நாளில் ஆசிரியன் பிரித்தானிய மண்ணில் இருந்தால் உரிமை உண்டு என்று பிரபுக்கள் சபை 1868ஆம் ஆண்டில் தீர்த்திருந்தபடியால், 1881ஆம் ஆண்டு இறுதியில் தமது நூலொன்றின் பொருட்டு அவர் கனடாவின் மொன்றியல் நகருக்குச் சென்று தங்கினார். உரிமை பெறுவதற்காக ஆசிரியனே கப்பற் சரக்குப்போல இடம்பெயர வேண்டியிருந்தது! 1886ஆம் ஆண்டில் அமெரிக்க செனற் குழுவின் முன்னும் அவர் சாட்சியமளித்தார்.

மற்றொரு காரணமும் உண்டு. 1870களிலும் 1880களிலும் புதிய அச்சகத்தார் சிலர் மிகமிக மலிவான நூல் வரிசைகளை வெளியிடலாயினர். அவர்கள் 'வணிக மரியாதை'யை மதிக்கவில்லை. ஹார்ப்பர் சகோதரர் போன்ற பழைய நிறுவனத்தார் பணம் கொடுத்துப் பெற்ற நூல்களும் மறுநாளே பத்துச் சதத்துக்கு வெளிவந்தன. மரியாதை என்னும் வேலி சாய்ந்தபின்னரே சட்டம் என்னும் மதிலின் அருமை பெரும் பதிப்பாளருக்கும் புலப்பட்டது.

இதற்கிடையில் 1886ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் சுவிற்சர்லாந்தின் பேர்ன் நகரில் உலகப் பொது உடன்படிக்கையொன்று கைச்சாத்திடப்பட்டது. அமெரிக்கா அதிற் சேரவில்லை. 1891ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் தனியே ஒரு சட்டத்தை இயற்றிக்கொண்டது. அதன்படி பிறநாட்டு ஆசிரியருக்கும் உரிமை கிடைத்தது. ஆனால் நூலின் எழுத்துக்கள் அமெரிக்காவிலேயே கோக்கப்பட்டிருத்தல் வேண்டும், பிறநாட்டில் வெளிவரும் நாளிலோ அதற்கு முன்னரோ அங்கு பதிவு செய்யப்பட்டிருத்தல் வேண்டும் என்பன நிபந்தனைகள். அச்சுத் தொழிலாளரின் ஆதரவு இதனாலேயே கிடைத்தது. நீதி வந்தது, ஆனால் உள்நாட்டுத் தொழிலின் கையைப் பிடித்துக்கொண்டே வந்தது.

அந்நிபந்தனையின் நிழல் நெடுங்காலம் நீண்டது. பேராசிரியர் டோல்கினுடைய 'தி லோட் ஒஃப் த றிங்ஸ்' என்னும் நூலை அமெரிக்கப் பதிப்பாளர் இங்கிலாந்தில் அச்சிட்ட தாள்களாக இறக்குமதி செய்து விற்றனர். இவ்வாறு 1,500 படிகளுக்கு மேற் கொண்டுவந்தால் காவல் நீங்கும் என்று அப்போதைய சட்டம் கூறிற்று. இதனைச் சுட்டிக்காட்டி, 1965ஆம் ஆண்டில் ஏஸ் புக்ஸ் என்னும் நிறுவனம் ஆசிரியருக்கு ஒன்றும் கொடாமல் எழுபத்தைந்து சதத்துக்கு அந்நூலை வெளியிட்டது. அதன்பின் பலன்டைன் நிறுவனம் அனுமதி பெற்ற பதிப்பைத் தொண்ணூற்றைந்து சதத்துக்கு வெளியிட்டது. டோல்கின் வழக்காடப் புறப்படவில்லை. தமக்குக் கடிதம் எழுதிய அமெரிக்க வாசகர்களுக்கு விடையெழுதும்போதெல்லாம் நடந்ததைத் தெரிவித்தார். வாசகர்கள் அதனைப் பரப்பினர். மறுவருடமே ஏஸ் நிறுவனம் ஆசிரியருக்குப் பங்குப் பணம் கொடுக்கவும், அவருடைய அனுமதியின்றி மீண்டும் அச்சிடாதிருக்கவும் உடன்பட்டது. இருபது சதம் கூடுதலாகக் கொடுக்க முன்வந்த வாசகர்கள், டிக்கன்சின் சொல்வன்மையால் ஆகாததைச் சாதித்தனர்.

அமெரிக்கா பேர்ன் உடன்படிக்கையில் சேர்ந்தது 1989ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திலே. இலங்கை அதற்கு முப்பது ஆண்டுகள் முன்பே, 1959ஆம் ஆண்டில், அவ்வுடன்படிக்கையை ஏற்றிருந்தது. ஆதலால் இன்று எழுதுவோன் உரிமை பெறுவதற்கு எந்நாட்டுக்கும் சென்று தங்கவேண்டியதில்லை. எழுத்து உருப்பெற்றதும் உரிமையும் உடன் பிறக்கின்றது.

ஆயினும், உரிமை இருப்பது வேறு. அதனை நல்ல முறையிலே ஒப்பந்தமாக்கிக்கொள்வது வேறு. தாயகத்துப் பதிப்பாளருக்குக் கொடுத்த கையொப்பத்திலே கடல் கடந்த நாடுகளும் அடங்கிவிட்டனவா? அயல்நாட்டுப் பதிப்பு எந்த மொழியில், எந்த நிலப்பரப்பில், எத்தனை ஆண்டுகளுக்கு? பணம் ஒரே தடவையிலா, விற்கும் ஒவ்வொரு படிக்குமா? கணக்கு எப்போது காட்டப்படும்? நூல் அச்சில் இல்லாது போனால் உரிமை ஆசிரியனிடம் மீளுமா? வெட்டுதல், மாற்றுதல், தலைப்பைத் திருத்துதல் ஆகியவற்றுக்கு அவனுடைய இசைவு வேண்டுமா? இவ்வினாக்கள் வெறுஞ் சட்ட நுணுக்கங்கள் அல்ல. ஒவ்வொன்றின் பின்னாலும் ஓர் ஆசிரியன் பட்ட இன்னல் உண்டு. இறுதிக் குறிப்பை இழந்த மெல்வில், ஏமாற்றத்தோடு சுற்றறிக்கை எழுதிய டிக்கன்ஸ், மொன்றியலிற் காத்திருந்த மார்க் ட்வெயின் ஆகியோர் கொடுத்த விலையிலே எழுதப்பட்டவை அவை.

இவ்வரலாறு ஆசிரியனுக்கும் பதிப்பாளனுக்கும் மட்டும் உரியதன்று. அவ்விருவரும் ஒப்பமிடும் தாளிலே மூன்றாம் ஒப்பமொன்றும் கண்ணுக்குப் புலப்படாது இருக்கின்றது. அது வாசகனுடையது. மலிவான நூலைக் கையிலெடுக்கும்போது அதன் மலிவுக்குக் காரணம் பதிப்பாளனுடைய திறமையா, ஆசிரியனுடைய பங்கு மறுக்கப்பட்டமையா என்று ஒரு கணம் எண்ணிப் பார்ப்பவன், எழுதுவோர் தொடர்ந்து எழுதுவதற்கு வழி செய்கின்றான். எண்ணாதவன், தன்னையறியாமலே, அடுத்த நூல் எழுதப்படாது போவதற்கு உடந்தையாகின்றான்.